தேசிமரத்தில் புழு

கல்முனைப் பக்கத்தில் வசந்தம் என்று தனியாக ஒரு பருவம் கிடையாது. வாடை அடங்கி, மாரி மழை விட்டு, வயலில் பெரும்போக வெட்டுத் தொடங்கும் மாசி, பங்குனிதான் நமக்குப் பூக்காலம். கச்சான் காற்று வந்து எல்லாவற்றையும் காயவைப்பதற்குள் மா, முருங்கை, வேம்பு, மருதோன்றி என்று ஒவ்வொன்றாய்ப் பூத்துவிடும்.

பூப்பதற்கு வளவு வேண்டுமே. இங்கே மகளுக்குச் சீதனம் என்றால் வீடு. அக்கரைப்பற்றில் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 2008 இல் வெளியிட்ட நூலில் இந்த வழமையை விரிவாக எழுதியிருக்கிறார். மூன்று மகள்மார் என்றால் வளவு மூன்று துண்டு. கலியாணத்துக்கு ஒரு மாமரம் போகும் என்பது நாம் கண்ட கணக்கு. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் அள்ளிய கரையோர வளவுகளின் சொந்தக்காரரில் சிலர் இப்போது மாடித் தொடர்வீடுகளில். மிச்சமிருக்கும் முற்றத்துக்கும் இன்டர்லொக் கல் பதிப்பதுதான் இன்றைய நாகரிகம்.

ஆனாலும் குசினிக்குப் பின்னால் ஒரு தேசி, ஒரு கறிவேப்பிலை, பெருநாளைக்கு அரைக்க ஒரு மருதோன்றி தப்பி நிற்கும். கடையில் வாங்கும் பூஞ்சாடிகளை விட பூச்சிக்கும் குருவிக்கும் உதவுவது இவைதான். அடுக்குச் செவ்வரத்தை பார்க்க அழகு. தேன்சிட்டுக்கு வசதி ஒற்றை இதழ்ச் செவ்வரத்தை. மருதோன்றி பூத்தால் தேனீ இரைச்சல் வாசல்வரை கேட்கும். முருங்கைக்கும் கொடித்தோடைக்கும் மகரந்தம் சேர்ப்பது பெரிய கருவண்டு. அது காய்ந்த மரத்தில் துளை போட்டுக் குடியிருக்கும். நாமோ விளக்குமாறு எடுத்துத் துரத்திவிட்டு, கொடித்தோடை காய்க்கவில்லை என்று உரம் போடுகிறோம்.

பக்கத்து வீட்டு ராத்தா ஒருநாள் வேலியால் கூப்பிட்டார். "தம்பி, தேசிக் கண்டெல்லாம் புழு திண்டு முடிக்கிது. மருந்தடிக்க ஒரு ஆளைக் கூட்டி வாங்க."

போய்ப் பார்த்தேன். இலையில் காகம் எச்சமிட்ட மாதிரி, கறுப்பும் வெள்ளையுமாக ஒன்று. தேசி வண்ணாத்திப்பூச்சியின் குஞ்சுப் புழு அது. பறவை தின்னாமல் தப்புவதற்கு அந்த வேஷம். வளர்ந்தவை பச்சை நிறமாகி இலையோடு இலையாகக் கிடந்தன. ஈர்க்கால் ஒன்றைத் தட்டினேன். தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் இரட்டைக் கொம்பு வெளியே வந்தது, கூடவே காட்டமான மணமும். ராத்தா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"ரெண்டு கிழமை பொறுங்க ராத்தா. மரம் சாகாது, திரும்பத் துளிர்க்கும்."

அரை மனதோடு சம்மதித்தார். கூடு கட்டிய ஒன்றைக் கடைசி மகள் தினமும் பள்ளிக்கூடம் போகுமுன் பார்த்துவிட்டுப் போனாள். ஒரு காலையில் அது வெறும் ஓடாகக் கிடந்தது. கறுப்பில் மஞ்சள் புள்ளி போட்ட வண்ணாத்திப்பூச்சி கிணற்றடியில் சிறகு காயவைத்துக்கொண்டிருந்தது. அதே கிழமை உடுப்புக் காயப்போடும் கம்பியில் தேன்சிட்டு சிலந்தி வலையும் நாரும் சேர்த்துக் கூடு பின்னத் தொடங்கியது. ராத்தா உடுப்பை வேலியில் காயப்போட்டார்.

இப்போது மூத்த மகளுக்கு வீடெடுக்க மேசன் கயிறு பிடித்திருக்கிறார். அத்திவாரம் தேசிமரத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று அவருக்கும் ராத்தாவுக்கும் பேச்சு இன்னும் முடியவில்லை.