தண்டவாளம் போன பின் எஞ்சிய பாதை

பிரான்ஸ் என்றதும் எமது குடும்பங்களுக்கு நினைவில் வருவது பாரிஸ் மாநகரம்தான். லா சப்பல் பகுதியில் கடை வைத்திருக்கும் மைத்துனர், உணவகத்தில் வேலை செய்யும் மகன், அவர்கள் அனுப்பும் பணம் என்பவற்றோடு அந்த நாட்டைப் பற்றிய எமது அறிவு நின்றுவிடுகின்றது. ஆனால் பிரான்ஸ் ஒரு பெரிய விவசாய நாடு. கோதுமை வயல்களும் திராட்சைத் தோட்டங்களும் மேய்ச்சல் தரைகளும் நிறைந்த அதன் நாட்டுப்புறத்தை எம்மவரில் அநேகர் கண்டதில்லை. அந்த நாட்டுப்புறத்தின் ஊடாக, காரோ லொறியோ குறுக்கிடாமல், நாள் முழுவதும் சைக்கிளில் செல்வதற்கு வழிகள் உண்டு. அவை எவ்வாறு உண்டாயின, கிராமத்தவர்களுக்கு அவற்றால் கிடைத்தது என்ன என்பதை இங்கே விளக்க முற்படுகின்றோம்.

சைக்கிளைப் பற்றி எமது வாசகர்களுக்கு அறிமுகம் வேண்டியதில்லை. நெல்மூட்டையையும் விறகையும் சுமந்தது அதுதான். ஊரை விட்டுப் புறப்பட்ட நாட்களில் பாயும் சட்டி பானையும் பிள்ளையும் ஏறிவந்ததும் அதிலேதான். ஆகவே பொழுதுபோக்குக்காக ஒருவர் விடுமுறை எடுத்துச் சைக்கிள் ஓடுகிறார் என்றால் சிரிப்பு வரலாம். பிரான்சிலும் ஒரு காலத்தில் சைக்கிள் தொழிலாளியின் வண்டியாகவே இருந்தது. 1936ஆம் ஆண்டில் தொழிலாளருக்குச் சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறை அளிக்கும் சட்டம் வந்தது. கையில் காசு குறைவு, கார் இல்லை. எனவே ஆயிரக்கணக்கானோர் சைக்கிளில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு கடற்கரைக்கும் கிராமங்களுக்கும் புறப்பட்டார்கள். சைக்கிள் சுற்றுலா அதற்கு முன்னரே இருந்தாலும் ஏழை மக்களிடம் அது பரவியது அந்தக் கோடையில்தான்.

பின்னர் வீதிகள் கார்களால் நிறைந்தன. சைக்கிள்காரர் ஓரத்துக்குத் தள்ளப்பட்டார். அதற்கு மாற்றாக உருவானவைதான் இப்போது அங்கே 'வுவா வேர்த்' என அழைக்கப்படும் வழிகள். எமது மொழியில் 'பச்சை வழி' எனலாம். 2004ஆம் ஆண்டு செப்ரெம்பரில் பிரான்சின் வீதிச் சட்டத்திலே இதற்கென ஒரு வரைவிலக்கணம் சேர்க்கப்பட்டது. அதன்படி பச்சை வழியில் மோட்டார் வாகனம் செல்லக்கூடாது. நடப்பவர், சைக்கிளில் செல்பவர், குதிரையில் செல்பவர் ஆகியோருக்கு உரியது அது. தொடக்கத்தில் நீலநிற அறிவிப்புப் பலகை இருக்கும். சாதாரண வீதியைக் கடக்கும் இடங்களில் சைக்கிள் நுழையத்தக்க, கார் நுழைய முடியாத தடுப்புக்களை நாட்டியிருப்பார்கள். தார் போட்ட இடங்களில் சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும்கூடச் செல்லும்.

இதற்குப் புதிதாகக் காணி சுவீகரித்தார்களா? பெரும்பாலும் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்ஸ் அரசு தன் புகையிரதப் பாதைகளை மிகவும் விரித்தது. 1879ஆம் ஆண்டில் ஃப்ரெசினே என்னும் அமைச்சரின் திட்டம் சட்டமாகியது. சிறிய பட்டினங்களுக்கும் றெயில் போகவேண்டும் என்பதே அதன் நோக்கம். கிராமத்து விளைச்சலும் கால்நடைகளும் அந்தச் சிறு பாதைகளினூடாகச் சந்தைக்குச் சென்றன. லொறியும் பஸ்ஸும் பெருகியபோது அவற்றில் வருமானம் குறைந்தது. ஒன்றன்பின் ஒன்றாகப் பாதைகள் மூடப்பட்டன. தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் கழற்றப்பட்டன. மீந்தது நீண்ட, ஒடுங்கிய ஒரு துண்டு நிலம்.

கைவிடப்பட்ட றெயில் பாதைக்கு என்ன நடக்கும் என்பது எமக்குத் தெரியாததல்ல. 1990இல் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் நின்றபின் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. பற்றை வளர்ந்தது. ஒதுக்குக் காணியில் கொட்டில் போட்டு வாழ்ந்த குடும்பங்களும் உண்டு. 2014 ஒக்ரோபரில் மீண்டும் யாழ்ப்பாணத்துக்கு றெயில் வந்தது. பிரான்சில் மூடப்பட்ட கிளைப்பாதைகள் பலவற்றுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. சில இடங்களில் அந்த நிலம் அயற்காணிக்காரருக்குத் துண்டுதுண்டாக விற்கப்பட்டது. அவ்வாறான இடத்தில் இன்று வழி அறுந்து, சைக்கிள்காரர் பெருவீதிக்கு இறங்கவேண்டியுள்ளது. முழுமையாகப் பொதுக்கையில் வைத்திருந்த இடங்களில் மட்டுமே நெடுந்தூரப் பச்சை வழி சாத்தியமாகியது. ஒரு வாய்க்காலோ தெருவோ பொதுவானதாக இருக்கும்வரை அதன் பெறுமதி தெரிவதில்லை. நடுவில் ஒருவர் வேலியடைத்த பின்னரே தெரியும்.

றெயில் பாதை சைக்கிளுக்கு ஏற்றதாவதற்கு இன்னொரு காரணம் உண்டு. புகையிரதம் செங்குத்தான ஏற்றம் ஏறாது. ஆகவே அந்நாளைய பொறியியலாளர்கள் மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் பாதையைச் சமப்படுத்தினார்கள். பெரும்பாலும் நூறு மீற்றர் தூரத்துக்கு ஒன்றோ இரண்டோ மீற்றர்தான் உயரும். வயோதிபரும் சிறுபிள்ளைகளும் இறங்கித் தள்ளவேண்டியதில்லை. சில கிலோமீற்றருக்கு ஒன்றாக அமைந்த பழைய நிலையங்கள் தங்கிச் செல்லும் இடங்களாயின. சிலவற்றில் உணவுச்சாலையும், சைக்கிள் வாடகைக்குக் கொடுக்கும் இடமும் உண்டு.

றெயில் பாதைக்கு அடுத்தபடியாகப் பயன்பட்டவை வாய்க்கால் கரைகள். படகுகளைக் குதிரை பூட்டி இழுத்த காலத்தில் கரையோரமாகச் சமதரைப் பாதை வேண்டியிருந்தது. இவற்றுள் பெயர்பெற்றது தெற்கிலுள்ள மிடி வாய்க்கால். துலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடற்கரை வரை 240 கிலோமீற்றர் செல்கின்றது. 1666இல் பதினான்காம் லூயி மன்னன் அனுமதி அளித்தான். 1681இல் திறக்கப்பட்டது. இதனை அமைத்த பியேர்-போல் ரிக்கே என்பவர் பொறியியலாளர் அல்லர், உப்புவரி சேகரித்தவர். திறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பு 1680இல் இறந்துபோனார்.

குளத்தை நம்பி வாழும் எமக்கு இந்த வாய்க்காலின் நீர்க்கணக்கு சுவையானது. நடுவழியில் நொரூஸ் என்னும் மேட்டைக் கடந்தாக வேண்டும். அதற்கு ஒருபுறம் விழும் மழைநீர் அத்திலாந்திக் சமுத்திரத்துக்கும் மறுபுறம் விழுவது மத்தியதரைக் கடலுக்கும் ஓடும். மேட்டில் நீர் இல்லாவிட்டால் இருபக்கமும் வாய்க்கால் வற்றும். ஆகவே ரிக்கே கறுப்பு மலையின் அருவிகளைத் திருப்பி, சென் ஃபெரியோல் என்னுமிடத்தில் அணைகட்டி ஒரு குளம் அமைத்தார். இன்றைய கொள்ளளவு ஏறத்தாழ 5,000 ஏக்கர் அடி. இரணைமடுவோடு ஒப்பிட்டால் சிறிதுதான். ஆனால் அக்காலத்து ஐரோப்பாவில் அது பெரிய வேலை. கூடைகளில் மண் சுமந்தவர்களுள் பெருந்தொகையினர் பெண்கள். உச்சக் காலத்தில் ஏறத்தாழ 12,000 பேர் வாய்க்கால் வேலையில் இருந்தார்கள். மழைநாளுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் நோயுற்ற நாளுக்கும் ரிக்கே சம்பளம் கொடுத்தார் என்பது குறிப்பிடத்தக்கது. நாட்கூலி செய்யும் எமது வாசகர்கள் அதன் அருமையை அறிவார்கள். இன்று அந்தக் கரையில் சில பகுதிகள் நல்ல வழி, சில பகுதிகள் வேரும் கல்லும் நிறைந்த ஒற்றையடிப் பாதை. நிழல் தந்த பிளேன் மரங்களில் பல்லாயிரம், 2006இல் கண்டறியப்பட்ட ஒரு பூஞ்சண நோயினால் வெட்டப்பட்டுவிட்டன.

இனி றெயில் பாதைக்குத் திரும்பி, ஒரு முழுப் பயணத்தைப் பார்ப்போம். கிழக்குப் பகுதியான பேர்கண்டியில் ஜிவ்ரி என்னும் ஊரிலிருந்து குளூனி வரை 44 கிலோமீற்றர் பச்சை வழி 1997இல் திறக்கப்பட்டது. நாட்டின் முதலாவது பச்சை வழி என இதனையே சொல்வார்கள். ஆறுதலாக ஓடினாலும் ஒரு பகலில் முடித்துவிடலாம். தொடக்கத்தில் இருபுறமும் திராட்சைத் தோட்டம். புக்ஸி என்னும் ஊரில் திராட்சைச் செய்கையாளர் 1931இலேயே கூட்டுறவுச் சங்கம் அமைத்து, தனித்தனியே வியாபாரியிடம் விற்பதை நிறுத்தி, ஒன்றாக மதுரசம் வடித்து விற்கத் தொடங்கினார்கள். தெற்கே செல்லச் செல்லத் தோட்டம் குறைந்து மேய்ச்சல் தரை வரும். அங்கே நிற்பவை ஷறோலே என்னும் வெள்ளை மாடுகள். இறைச்சிக்குப் பெயர்போன இனம் அது. கோர்மத்தானில் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய ஒரு மாளிகை. அதனை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம்.

குளூனிக்குப் பத்துக் கிலோமீற்றர் முன்பாக, வழிக்கு மேலே குன்றில் ஒரு சிறு கிராமம் தெரியும். அது தேசே. எமது இளைஞர்கள் தேசே செபப் பாடல்களை அறிவார்கள். ஊரின் கதையை அறிந்தோர் குறைவு. 1940இல் ஜேர்மன் படை பிரான்சை வென்று, நாட்டை இரண்டாகப் பிரித்து நடுவே எல்லைக்கோடு வரைந்தது. கோட்டைக் கடக்கப் பாஸ் வேண்டும். அந்தக் கோடு தேசேக்குச் சற்று வடக்கே சென்றது. அதே ஆண்டில் ரோஜர் என்னும் 25 வயது இளைஞர் சுவிற்சர்லாந்திலிருந்து சைக்கிளில் வந்து, பாதி வெறிச்சோடிப்போன அந்தக் கிராமத்தில் ஒரு வீட்டை வாங்கினார். கோட்டைத் தாண்டி ஓடிவந்தவர்களை, விசேடமாக யூதர்களை, அவரும் அவர் சகோதரியும் அந்த வீட்டில் மறைத்து வைத்தார்கள். குழாய்நீர் இல்லை. ஊர்க் கிணற்றிலிருந்து அள்ளவேண்டும். அண்மையிலிருந்த ஆலையில் மலிவாக வாங்கிய சோளமாவில் காய்ச்சிய கூழே பெரும்பாலும் உணவு. வந்தவர்களில் யூதரும் மதநம்பிக்கை அற்றவரும் இருந்தபடியால், அவர்களுக்குச் சங்கடம் உண்டாகாதவாறு ரோஜர் தனியாகவே செபித்தார். பாடுவதற்கு வீட்டை விட்டுத் தூரமாகக் காட்டுக்குப் போவார். 1942இல் யாரோ காட்டிக்கொடுக்க, அவர் அங்கிருந்து நீங்கவேண்டியதாயிற்று. 1944இல் திரும்பி வந்தார். அயலிலிருந்த முகாமில் அப்போது அடைபட்டிருந்தவர்கள் ஜேர்மன் கைதிகள். அவர்களையும் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வரவழைத்தார்.

குளூனியில் காண்பதற்கு இருப்பதைவிட இல்லாமற் போனதே அதிகம். 910இல் நிறுவப்பட்ட துறவிமடம் அது. 1088இல் அங்கே தொடங்கிய மூன்றாவது ஆலயம் 187 மீற்றர் நீளம். உரோமையில் இன்றைய புனித பேதுரு பேராலயம் எழும்வரை கிறிஸ்தவ உலகில் அதுவே பெரியது. பிரெஞ்சுப் புரட்சியில் துறவிகள் வெளியேற்றப்பட்டனர். 1798இல் கட்டடம் வியாபாரிகளுக்கு விற்கப்பட்டது. அவர்கள் அதனைக் கல்லுடைக்கும் இடமாக்கிக் கல்லை விற்றார்கள். ஆலயத்தின் நடுவாக ஒரு தெருவும் வெட்டப்பட்டது. இன்று எஞ்சியிருப்பது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆளில்லாத வீட்டிலிருந்து முதலில் ஓடும், பின்னர் நிலையும் யன்னலும், கடைசியில் கல்லும் போகும் வரிசையை நாம் கண்ணால் கண்டிருக்கின்றோம். எஞ்சிய தெற்குக் கோபுரத்தின் கீழ் நின்று அண்ணாந்து பார்த்தால்தான் போனதன் அளவு விளங்கும்.

இந்தப் போக்குவரத்தால் விவசாயிக்கு என்ன? பிரான்சில் கிராமத்து இளைஞர் நகரத்துக்குப் போய், வீடுகள் பூட்டிக் கிடந்தன. பாழடையும் வீட்டைத் திருத்தி விருந்தினருக்கு வாடகைக்கு விட்டால் குடும்பம் ஊரிலேயே தங்கலாம் என்ற எண்ணத்தில் 1955இல் 'ஜீத் து பிரான்ஸ்' என்னும் அமைப்பு உருவானது. பச்சை வழிகள் வந்தபின் இத்தகைய வீடுகளுக்குச் சைக்கிள்காரரும் வந்தார்கள். சைக்கிள்காரரை வரவேற்கும் இடங்களுக்கு இப்போது ஒரு தனி அடையாளப் பலகையும் உண்டு. அதைப் பெற வழியிலிருந்து ஐந்து கிலோமீற்றருக்குள் இருக்கவேண்டும். சைக்கிள்களைப் பத்திரமாக வைக்க இடமும் பழுதுபார்க்கும் கருவிகளும் வேண்டும். காரில் வருபவர் கடந்து போய்விடுவார். சைக்கிளில் வருபவருக்குப் பசிக்கும், தாகமெடுக்கும், இருட்டுமுன் படுக்க இடமும் தேவை. பாண், வெண்ணெய்க்கட்டி, பழம் என அங்கங்கே வாங்குவார். ஆயினும் மிகைப்படுத்த வேண்டாம். இந்த வருமானம் கோடைக்கு மட்டும் உரியது. பூட்டிய பாடசாலையை அது திறக்காது. மாடு வளர்ப்பவருக்கு மாட்டின் விலையே இன்னும் முக்கியம்.

குளூனியோடு வழி முடிவதில்லை. தெற்கே மாக்கோன் நோக்கி அது நீட்டப்பட்டது. இடையில் புவா கிளேர் என்னும் குன்றைத் துளைத்த பழைய றெயில் சுரங்கம், 1,600 மீற்றர் நீளம். வெளியே எவ்வளவு வெயில் எறித்தாலும் உள்ளே குளிர்தான். மேற்சட்டை கொண்டுபோவது நல்லது. றெயில் நின்றிருந்த காலத்தில் அங்கே வௌவால்கள் குடியேறிவிட்டன. குளிர்காலத்தில் அவை தூங்கும். ஆதலால் அந்த மாதங்களில் சுரங்கத்தின் கதவைப் பூட்டிவிடுகிறார்கள். சைக்கிள்காரர் குன்றின் மேலால் ஏறிப் போகவேண்டும்.