காபியை ஊதுவார், குழாயில் ஊதமாட்டார்

“நல்லா இழுங்க, இழுங்க… இப்ப ஊதுங்க! ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க!” நுரையீரல் பரிசோதனை நடக்கும் அறையைக் கடந்து போனால் இந்தக் கூவல் காதில் விழாமல் இருக்காது. ஜான் ஹட்சின்சன் என்ற ஆங்கில மருத்துவர் 1846இல், ஊதும் மூச்சை அளக்கும் ஸ்பைரோமீட்டரைப் பற்றி எழுதினார். 2,000க்கும் மேற்பட்டவர்களை ஊதவைத்துப் பார்த்திருந்தார். கருவி இன்று கைக்குள் அடங்கிவிட்டது. ஊதுகிறவர் பாடுதான் மாறவில்லை. சொன்னதைப் புரிந்துகொண்டு, உதட்டை இறுக்கி, மூச்சு தீரும்வரை ஊத வேண்டும். அதையே மூன்று தடவையாவது ஒழுங்காகச் செய்தாக வேண்டும்.

அல்சைமர் நோயாளி தடுமாறும் இடம் இதுதான். சூடான காபியைத் தன்னால் ஊதிக் குடிக்கிறவர், “ஊதுங்க” என்று கேட்டால் குழாயைப் பார்த்து விழிக்கக்கூடும். பழக்கத்தில் வரும் செயல் வேறு, கட்டளைக்குச் செய்வது வேறு. நினைவாற்றல் சோதனையில், ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரையச் சொல்வார்கள். அதை வரைய முடியாத முதியவர்களுக்குப் பெரும்பாலும் ஸ்பைரோமீட்டரிலும் ஊத வருவதில்லை என்று ஆய்வுகள் காட்டின. பென்சிலுக்கும் நுரையீரலுக்கும் என்ன உறவு என்று தோன்றும். ஆனால் இரண்டையும் நடத்துவது மூளைதானே! ஆகவே அச்சாகி வரும் எண் குறைவாக இருந்தால், பழியை உடனே நுரையீரல்மேல் போட முடியாது.

இதற்காக மூச்சுக்கும் நோய்க்கும் தொடர்பே இல்லை என்றாகிவிடாது. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, நாம் இழுக்கும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 சதவீதத்தைத் தின்கிறது. கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி பர்ன்ஸ் குழு 2008இல், நோயின் தொடக்கக் கட்டத்தில் இருந்தவர்களை டிரெட்மில்லில் நடக்கவைத்தது. ஆக்சிஜனை அதிகம் பயன்படுத்த முடிந்தவர்களின் மூளை குறைவாகச் சுருங்கியிருந்தது. உடற்திறன் மூளையைக் காத்ததா, மூளை சுருங்கியதால் நடமாட்டம் குறைந்ததா? அந்த ஒரு அளவீட்டை வைத்துச் சொல்லிவிட முடியாது.

‘நடந்தால் மறதி ஓடிவிடும்’ வகைத் தலைப்புகள்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. இங்கிலாந்தில் மறதிநோயாளிகள் 494 பேரிடம் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. ஒரு பிரிவினர் 4 மாதம் சைக்கிள் மிதித்தார்கள், எடை தூக்கினார்கள். 6 நிமிட நடையில் முன்பைவிட அதிக தூரம் போனார்கள். நினைவின் சரிவு மட்டும் நிற்கவில்லை. ஓராண்டு கழித்துப் பார்த்தால் மற்றவர்களைவிடச் சற்றே கூடுதலாகக்கூட இருந்தது.

பின்லாந்து ஆய்வாளர்கள் வேறொன்றைக் கேட்டார்கள்: இவர் எத்தனை தடவை விழுந்தார், தானாக உடுத்திக் குளிக்கிறாரா? வீட்டில் துணையோடு வாழ்ந்த 210 அல்சைமர் நோயாளிகள் அந்த ஆய்வில் இருந்தார்கள். ஒரு பிரிவினரின் வீட்டுக்கு ஓராண்டு முழுக்க, வாரம் இரண்டு நாள், ஒரு மணி நேரம் இயன்முறை மருத்துவர் போய்ப் பயிற்சி கொடுத்தார். 2013இல் முடிவு வந்தது. அவர்கள் விழுவது குறைந்திருந்தது, அன்றாட வேலைகளில் தளர்ச்சியும் மெல்லத்தான் ஏறியது. இடுப்பெலும்பு முறிந்த முதியவரைக் கட்டிலில் வைத்துப் பார்த்துக்கொண்ட வீட்டுக்கு இதன் மதிப்பு தெரியும்.