நொதியின் வேலையை ஒளியால் அளத்தல்

பாதரச ஆவி அடைத்த குழல் விளக்கை நாம் அறிவோம். அதனுள் உண்டாகும் ஒளியில் பெரும்பகுதி கண்ணுக்குப் புலனாகாத புற ஊதா ஒளி. கண்ணாடியின் உட்புறம் பூசிய பொடி அதனை ஏற்று வெண்மையான ஒளியாக வெளியிடுகிறது. ஓர் ஒளியை வாங்கி வேறோர் ஒளியைத் தரும் இவ்வியல்பே ஒளிர்வு எனப்படும். திருவனந்தபுரத்திலுள்ள ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையத்தில், புற்றுநோய் மருந்துகளை ஆராய்வதற்கு இவ்வியல்பு துணைபுரிந்திருக்கிறது.

பழுதுற்ற உயிரணு தன்னைத்தானே மாய்த்துக்கொள்வது நம் உடலின் காவல் முறைகளுள் ஒன்று. காஸ்பேஸ் என்னும் நொதிகள், புரதங்களைக் குறித்த இடத்தில் கத்தரிபோல் நறுக்கி, இக்காரியத்தை முடிக்கின்றன. புற்றுநோய் அணுவோ பெரும்பாலும் இதற்குத் தப்பிவிடுகிறது. ஒரு மருந்து அக்கத்தரியை மீண்டும் இயக்குகிறதா என்பதே ஆய்வாளர் அறிய விரும்புவது.

அணுக்களை நசுக்கிச் சாறெடுத்து நொதியை அளப்பது ஒரு முறை. அதில் கிடைப்பது கூட்டத்தின் சராசரியே; எந்த அணு எப்போது மாய்ந்தது என்பது விளங்காது. உயிருள்ள அணுவிலேயே அளக்க வேறு வழி உண்டு. 1962-இல் ஷிமோமுரா முதலியோர் ஜெல்லி மீனில் கண்டறிந்த பச்சை ஒளிர்வுப் புரதத்தின் வழிவந்தவை இளநீலப் புரதமும் மஞ்சள் புரதமும். இவ்விரண்டையும் காஸ்பேஸ் நறுக்கக்கூடிய சிறு இணைப்பினால் பிணைத்து, அணுவுக்குள் உண்டாகச் செய்கிறார்கள். இரண்டும் ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடைவெளியில் இருக்கையில், இளநீலப் புரதம் தான் பெற்ற ஆற்றலை மஞ்சளுக்கு ஈந்துவிடுகிறது, மஞ்சள் ஒளிர்கிறது. நொதி இணைப்பை நறுக்கியதும் இரண்டும் பிரிகின்றன. மஞ்சள் மங்க, இளநீலம் ஓங்குகிறது.

ஒரு நிறத்தை மட்டும் அளந்தால் ஏமாற்றம் நேரலாம். ஓர் அணுவில் புரதம் மிகுந்தும் மற்றொன்றில் குறைந்தும் இருக்கக்கூடும். விளக்கின் ஒளியும் சற்று மாறக்கூடும். இரு நிறங்களின் விகிதமோ இவற்றால் எளிதில் பிறழ்வதில்லை. இவ்விகிதத்தை ஏராளமான அணுக்களில் விரைவாக அளந்து மருந்துகளைச் சலித்தெடுக்கும் முறையை, இம்மையத்தார் 2011-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை விளக்கியது.

அணு வெறும் நஞ்சினால் சிதைந்ததா, தன் கத்தரியாலேயே முடிந்ததா என்று பிரித்தறிய இவ்வளவை உதவுகிறது. ஆயினும் ஆய்வுக் கிண்ணத்தில் வென்ற பொருள் யாவும் மருந்தாகிவிடுவதில்லை. விலங்குகளிலும் பின்னர் மனிதரிடத்தும் அதன் நன்மை தீமைகள் சோதிக்கப்பட வேண்டும். பயனற்றவற்றைத் தொடக்கத்திலேயே கழித்துவிட்டால், நோயாளி காத்திருக்கும் காலம் குறையும். இரு நிற ஒளியை அளப்பதன் பயன் அதுவே.