செட்டில் வரும் இரைச்சலும் திரும்பி வரும் வாடிக்கையாளரும்

கொழும்பில் கார் செட் பொருத்தும் சிறு கடையொன்றை நடத்தும் நண்பர் ஒருவர் அண்மையில் தனக்கு ஏற்பட்ட நட்டமொன்றைப் பற்றிச் சொன்னார். தொகை என்று பார்த்தால் பெரிதல்ல. ஆனாலும் இத்தொழிலில் இருக்கும் சகோதரர்களுக்கும், வேன் வைத்துப் பிழைப்பவர்களுக்கும் அதைச் சொல்லிவைப்பது நல்லது என்று பட்டது.

பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும், விடுமுறை நாட்களில் ஹயர் ஓடும் வேன் ஒன்றுக்குப் புதிய செட், நான்கு சனல் எம்பிளிபயர், ஸ்பீக்கர்கள் எல்லாம் அவர் கடையில் பொருத்தப்பட்டன. மறுநாளே வேன்காரர் வந்துவிட்டார். என்ஜினை ஸ்டார்ட் செய்தால் ஓதலுக்கும் பேச்சுக்கும் பின்னால் நுளம்பு இரைவது போல ஒரு சத்தம். எக்ஸிலேட்டரை மிதித்தால் அந்தச் சத்தமும் சேர்ந்து ஏறுகிறது. கடைப் பையன் பவர் வயரில் ஒரு பில்டரைப் போட்டு அனுப்பினான். காசும் வாங்கப்பட்டது. ஒரு வாரத்தில் வேன் திரும்பி வந்தது. இம்முறை ஆர்.சீ.ஏ. வயரில் இன்னொரு பில்டர், அதற்கும் காசு. மூன்றாம் முறை வந்தபோது வேன்காரர் இறங்கவே இல்லை. ஆசனத்தில் இருந்தபடியே, "நாநா, நீங்க போட்ட சாமானும் ஈக்கிது, சத்தமும் ஈக்கிது" என்றாராம்.

அன்று நண்பரே பின் ஆசனத்தைக் கழற்றிப் பார்த்தார். எம்பிளிபயரின் எர்த் வயர் பெயின்ட் பூசிய தகட்டின் மேல் ஒரு சிறிய ஸ்க்ரூவினால் முடுக்கப்பட்டிருந்தது. பெயின்டைச் சுரண்டி, வெறும் இரும்பு தெரிய வைத்து, நட்டும் போல்ட்டும் போட்டு இறுக்கினார். சத்தம் நின்றுவிட்டது. பத்து நிமிட வேலை, செலவு ஒரு துண்டு சேண்ட் பேப்பர். இரண்டு பில்டரின் பணத்தையும் திருப்பிக் கொடுத்தார். ஆனால் மூன்று முறை அந்த வேன் கடையின் முன் நின்ற நேரத்தில் வேறு வாகனத்தை எடுத்திருக்கலாம். அதற்கிடையில் வேன் தரிப்பிடத்தில் எத்தனை பேரிடம் அந்தக் கதை போய்ச் சேர்ந்தது என்பதற்கு அவரிடம் கணக்கில்லை.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பலர் பழைய வாகனத்தையே திருத்தி, செட்டை மாத்திரம் மாற்றிக்கொண்டு ஓடினார்கள். பழைய போடி, கடற்கரை ஊர்களின் உப்புக் காற்று, துருப்பிடித்த எர்த், அதன் மேல் புதிய எம்பிளிபயர். இரைச்சல் பற்றிய முறைப்பாடு இத்தொழிலில் கூடுமே தவிரக் குறையாது.

சத்தம் எங்கே பிறக்கிறது?

வாகனத்தின் ஒல்டனேட்டர் உற்பத்தி செய்வது நேர் மின்சாரம் அல்ல. மூன்று கட்டங்களாக ஏறி இறங்கும் மின்சாரத்தை அதனுள்ளே இருக்கும் டயோட்கள் ஒரே திசைக்குத் திருப்பி விடுகின்றன. ஆனால் முற்றிலும் சமமாக அல்ல. சிற்றலை போன்ற ஒரு நடுக்கம் மிச்சமிருக்கும். என்ஜின் வேகம் கூடினால் நடுக்கத்தின் வேகமும் கூடும். மிதிக்க மிதிக்க சத்தம் மேலே போவது இதனால்தான்.

இந்த நடுக்கம் எல்லா வாகனத்திலும் உண்டு. எல்லா வாகனத்திலும் அது கேட்பதில்லை. ஏன்? செட்டின் எர்த் டாஷ்போர்டுக்குப் பின்னால் ஓரிடத்திலும், எம்பிளிபயரின் எர்த் பின்னால் வேறோரிடத்திலும் இருக்கின்றன. ஒரே வளவிலுள்ள இரண்டு கிணறுகளின் நீர்மட்டம் சற்று வேறுபட்டிருக்கும்போது இடையில் ஒரு குழாயைப் போட்டால் தண்ணீர் ஓடும் அல்லவா? இங்கே குழாயாக அமைவது ஆர்.சீ.ஏ. வயரின் வெளியுறை. பாட்டு போக வேண்டிய வழியால் ஒல்டனேட்டரின் நடுக்கமும் போகிறது. எம்பிளிபயர் இரண்டையும் பெருக்கிக் கொடுக்கிறது. நீர்மட்டத்தைச் சமப்படுத்தாமல் குழாயில் துணியைச் சுற்றுவதுதான் பவர் வயரில் பில்டர் போடுவது.

கருவியைத் தொடுமுன் கேட்க வேண்டியவை

அனுபவமுள்ள வயரிங் பாஸ் ஒருவர் ஸ்க்ரூட்ரைவரை எடுப்பதற்கு முன் காதைத்தான் பாவிப்பார். என்ஜின் நிற்கும்போதும் சத்தம் இருக்கிறதா? எப்போதும் ஒரே அளவில் "ஸ்ஸ்" என்று இரைந்தால் அது ஒல்டனேட்டர் அல்ல, எம்பிளிபயரின் கெயினை எவரோ கடைசி வரை திருகி வைத்திருக்கிறார். கெயின் என்பது சத்தத்தைக் கூட்டும் வொலியூம் அல்ல என்பதை எமது கடைப் பையன்களில் பலருக்கு இன்னும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. செட்டின் வொலியூமை முக்கால் பங்கிற்கு வைத்து, சத்தம் உடையாத அளவுக்குக் கெயினைத் திறந்தால் போதும்.

பெற்றோல் வாகனத்தில் "டிக் டிக்" என்று என்ஜினோடு சேர்ந்து வேகமாகும் ஒலி என்றால் பிளக்கையும் பிளக் வயரையும் பார்க்க வேண்டும். டீசல் வேனில் தீப்பொறிப் பிளக் கிடையாது என்பதால் அங்கே அதைத் தேடி நேரத்தை வீணாக்கத் தேவையில்லை. வைப்பர் போடும்போது மட்டும், ஏ.சி. காற்றாடி சுற்றும்போது மட்டும் வருகிறதென்றால் அந்த மோட்டரையும் அதன் எர்த்தையும் பாருங்கள். வானொலி கேட்கும்போது மட்டும் வந்து, போனிலிருந்து பாடும்போது வராவிட்டால் கோளாறு அன்டெனாப் பக்கம்.

இன்று மிக அதிகமாக வருவது இன்னொன்று. போனைச் சார்ஜில் போட்டு, அதே போனிலிருந்து ஒக்ஸ் வயரால் பாட்டுக் கேட்பார்கள், இரைச்சல் வரும். சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால் செட்டிலும் குறையில்லை, எம்பிளிபயரிலும் குறையில்லை. சார்ஜரும் ஒக்ஸ் வயரும் சேர்ந்து அந்த இரண்டு கிணற்றுக் கதையை இங்கேயும் உண்டாக்கியிருக்கின்றன. நல்ல சார்ஜர், அல்லது ஒக்ஸ் வயரில் சிறிய ஐசொலேட்டர், அல்லது புளூடூத். இதற்காக ஆசனத்தைக் கழற்றிக் கூலி வாங்குவது நியாயமல்ல. மலிவான டாஷ் கெமராக்களின் சார்ஜரும், சில எல்.ஈ.டி. பல்புகளும் எப்.எம். வானொலியைக் கெடுப்பதும் இதே போன்ற கதைதான். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் பிடிபடும்.

ஜப்பானிலிருந்து வந்த வாகனங்களில் ஒரு விசேடம் உண்டு. அங்கே எப்.எம். 76 மெகாஹேர்ட்ஸில் தொடங்குகிறது. பழைய ஜப்பான் செட்கள் 90 உடன் முடிந்துவிடும். எமது நிலையங்களோ 88 முதல் 108 வரை பரந்திருக்கின்றன. அதனால் அன்டெனா வயரில் ஒரு சிறு கன்வேர்ட்டர் பெட்டியைப் போடுவது வழக்கம். பின்னர் செட்டை மாற்றும்போது அந்தப் பெட்டி டாஷ்போர்டுக்குள்ளேயே மறந்துபோய்க் கிடக்கும். புதிய செட்டுக்கு அது தேவையே இல்லை. இரைச்சலுக்கும் நிலையம் சரியாக விழாததற்கும் காரணமாக அது இருப்பதைப் பலமுறை கண்டதாக நண்பர் சொல்கிறார்.

எம்பிளிபயர் உள்ள வாகனத்தில் பாதை

எம்பிளிபயரை நிறுத்தி, அதற்குள் போகும் ஆர்.சீ.ஏ. வயர்களைக் கழற்றுங்கள். நடு முனையும் வெளியுறையும் ஒன்றோடொன்று பொருத்தப்பட்ட வெற்று ஆர்.சீ.ஏ. பிளக்கை அவ்விடத்தில் செருகி, மீண்டும் போட்டு என்ஜினை ஓடவிடுங்கள். இந்தப் பிளக்கைக் கடையில் தேட வேண்டியதில்லை, பழைய வயரொன்றின் முனையில் நீங்களே ஈயம் வைத்துச் செய்துகொள்ளலாம். செட்டிலிருந்து வரும் பக்கத்தில் செருகக் கூடாது, எம்பிளிபயரில் மட்டும்தான். இப்போதும் சத்தம் கேட்டால் பிழை எம்பிளிபயர், அதன் எர்த், பவர் அல்லது ஸ்பீக்கர் வயர்களில். கேட்காவிட்டால் பிழை முன்னால், அதாவது ஆர்.சீ.ஏ. வயரிலோ செட்டிலோ. பாதி வாகனத்தை ஒரே அடியில் ஒதுக்கிவிட்டீர்கள்.

பின்பக்கம் என்றால் எர்த்தை முதலில் பாருங்கள். பவர் வயர் எவ்வளவு மொத்தமோ எர்த் வயரும் அவ்வளவு மொத்தமாக இருக்க வேண்டும். நீளம் 45 சென்றிமீற்றருக்குள் இருப்பது நல்லது. பெயின்டைச் சுரண்டிய இரும்பில், போல்ட்டில். ஆசனப் பட்டியின் போல்ட்டைத் தொடாதீர்கள், அது உயிர் காப்பது. பிறகு பாட்டை உரத்து வைத்து, மல்டிமீற்றரின் ஒரு முனையை எம்பிளிபயரின் எர்த்திலும் மற்றதைப் பெட்டரியின் மைனஸிலும் வைத்து டீ.சீ. வோல்ற்றைப் பாருங்கள். 0.1 வோல்ற் அளவில் நின்றால் பரவாயில்லை. 0.5 காட்டினால் எர்த் சரியில்லை, வேறெதையும் தேட வேண்டாம்.

முன்பக்கம் என்றால், பவர் வயரும் ஆர்.சீ.ஏ. வயரும் ஒரே கம்பளத்தின் கீழ் ஒட்டிக்கொண்டு ஓடுகின்றனவா என்று பாருங்கள். ஒன்று இடப்புறமாகவும் மற்றது வலப்புறமாகவும் போக வேண்டும். குறுக்கிட்டே ஆக வேண்டிய இடத்தில் நேர்கோணமாகக் குறுக்கிட வேண்டும். அதுவும் சரியென்றால், செட்டின் பின்னாலுள்ள ஆர்.சீ.ஏ.யின் வெளியுறைக்கும் செட்டின் இரும்பு உடலுக்கும் இடையில் ஒரு துண்டு வயரைத் தொட்டுப் பாருங்கள். உடனே சத்தம் நின்றால், செட்டுக்குள் அந்த வெளியுறையை எர்த்தோடு இணைக்கும் கடுகளவான பியூஸ் போய்விட்டது. சில பிரபல செட்களில் இது உண்டு. செட் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆர்.சீ.ஏ.யைப் பிடுங்கிச் செருகினால் இது போகும். அதாவது பல நேரங்களில் இந்தக் கோளாறை உண்டாக்குவதே அவசரப்பட்ட எமது கைகள்தான்.

பில்டர் மறைத்த நோய்

எர்த் எல்லாம் சரி, வயர் ஓட்டம் சரி, இருந்தும் சத்தம் கடுமையாக இருக்கிறதென்றால் ஒல்டனேட்டரைச் சந்தேகியுங்கள். என்ஜின் ஓடும்போது பெட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ற் வரை டீ.சீ. காட்ட வேண்டும். பிறகு மீற்றரை ஏ.சீ.க்கு மாற்றி அதே பெட்டரியில் வையுங்கள். 0.1 வோல்ற்றுக்குக் கீழ் என்றால் நலம். 0.5ஐத் தாண்டினால் உள்ளே ஒரு டயோட் போயிருக்க வாய்ப்பு அதிகம். கடைகளில் கிடக்கும் மலிவான மஞ்சள் மீற்றரின் ஏ.சீ. அளவு 200 வோல்ற்றில்தான் தொடங்குகிறது, இந்த வேலைக்கு அது உதவாது. சிறு ஏ.சீ. அளவைக் காட்டும் மீற்றர் ஒன்றை வாங்குவது இத்தொழிலில் செலவல்ல.

அந்த நிலையில் நாம் நல்ல பில்டர் ஒன்றைப் போட்டுச் சத்தத்தை அடக்கிவிட்டால் என்னவாகும்? வாடிக்கையாளர் மகிழ்ச்சியோடு போவார். டயோட் போன ஒல்டனேட்டர் பெட்டரியைச் சரிவரச் சார்ஜ் செய்யாது. ஒரு நாள் பிள்ளைகளோடு வேன் நடுவீதியில் நிற்கும். தானியக் குவியலுக்குள் கையை விட்டு உள்ளே இருந்த ஈரத்தை நபி (ஸல்) அவர்கள் வெளிப்படுத்திய சம்பவம் எமது வியாபாரிகள் எல்லோரும் ஜும்ஆ மேடைகளில் கேட்டதுதான். அடியில் ஈரம் இருப்பதை அறிந்தும் மேலே உலர்ந்ததைப் பரப்புவதற்கும், அறிந்துகொண்டே இப்படிப் பில்டரைப் போடுவதற்கும் என்ன வேறுபாடு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பில்டருக்கும் ஓரிடம் உண்டு: எல்லாவற்றையும் பார்த்து முடித்த பின்னும் மிஞ்சும் சிறு இரைச்சலுக்கு, வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டு. மலிவான ஆர்.சீ.ஏ. ஐசொலேட்டர்கள் பேஸ் ஒலியைக் குறைத்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வயர் விற்பனையிலும் இதே பிரச்சினை இருக்கிறது. செம்பு என்று சொல்லி விற்கப்படும் மொத்த வயர்களில் ஒரு பகுதி, மேலே செம்பு பூசிய அலுமினியம். கத்தியால் ஓர் இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். கையில் எடுத்தால் பாரமும் இருக்காது. அதே மொத்தமுள்ள செம்பை விட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவாகவே அது மின்சாரத்தைக் கடத்தும். விற்கக் கூடாதென்றில்லை. அலுமினியம் என்று சொல்லி, அலுமினிய விலைக்கு, ஒரு அளவு மொத்தமானதாகக் கொடுக்கலாம். எந்த வயராக இருந்தாலும் பெட்டரியிலிருந்து 45 சென்றிமீற்றருக்குள் பியூஸ் இருக்க வேண்டும். பியூஸ் இல்லாத பவர் வயர் போடியில் உரசித் தோல் போனால் இரைச்சல் வராது, நெருப்புத்தான் வரும்.

நண்பர் இப்போது முறையை மாற்றிவிட்டார். வாகனம் உள்ளே வந்ததும், எதையும் கழற்றுமுன், என்ஜினை ஓடவிட்டுப் பழைய செட்டைக் கேட்கிறார். பெட்டரியின் டீ.சீ., ஏ.சீ. இரண்டையும் அளந்து, வாகனக்காரரையும் கூப்பிட்டு மீற்றரைக் காட்டி, பில்லின் பின்புறத்தில் எழுதிவிடுகிறார். வேலை முடிந்ததும் அதே அளவுகள் மீண்டும். எர்த் போட்ட இடத்தை ஆசனம் மூடுமுன் போனில் படமெடுத்து வாடிக்கையாளருக்கு அனுப்புகிறார். ஒரு வாகனத்துக்குக் கால் மணித்தியாலம் கூடுதலாகப் போகிறது. அதைக் கூலியில் சேர்க்கிறாரா என்று கேட்டேன். பில்டர் விற்ற காலத்து இலாபத்தை விட அது குறைவுதான், ஆனால் பின்னேரம் ஐந்து மணிக்குக் கடையை மூட முடிகிறது என்றார்.