எழுத்து ஒன்று, ஓசை இரண்டு

பழைய ஏட்டுச் சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்று அதை விட்டுவிடுவார்கள். குறில் நெடில் வேறுபாடும் சில இடங்களில் தோன்றாது. ‘எரி’யா, ‘ஏரி’யா என்பதைப் படிப்பவரே இடம் நோக்கித் துணிய வேண்டும். பாடபேதம் பிறக்கும் வாயில்களுள் இது ஒன்று. உ. வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது பல பிரதிகளை ஒப்பிட்டு, தக்க பாடத்தை மேலே வைத்து, ஏனையவற்றை அடிக்குறிப்பில் சேர்த்தார். புலவர் பாடியது ஒன்றே. அதைத் தேடுவது பதிப்பாசிரியர் கடன்.

மாணவர்களே, இதே எண்ணத்தோடு குர்ஆனை அணுகினால் வியப்படைவீர்கள். கலீபா உஸ்மான் (644–656) காலத்தில் நகரங்களுக்கு அனுப்பப்பட்ட படிகளில் உயிர்க்குறிகள் இல்லை. முதல் அத்தியாயத்திலேயே இறைவனைத் தீர்ப்பு நாளின் ‘மாலிக்’ என்று சிலர் ஓதுவர். உடையவன் என்பது பொருள். வேறு சிலர் ‘மலிக்’ என்பர். அரசன் என்பது பொருள். பழைய எழுத்து இரண்டுக்கும் ஒன்றே. அறிஞர்கள் ஒன்றைத் தள்ளவில்லை, இரண்டையும் ஏற்றனர். இத்தகைய ஓதல் முறைக்குக் ‘கிராஅத்’ என்று பெயர்.

உயிர்க்குறி இல்லாமையால் அவரவர் ஊகித்து ஓதியதுதானே இது என்று நீங்கள் கேட்கலாம். இக்கால ஆராய்ச்சியாளர் சிலரும் அவ்வாறே கேட்டனர். விடை நுட்பமானது. மூன்றாம் அத்தியாயம் 26-ஆம் வசனத்திலும், 114-ஆம் அத்தியாயத்திலும் அதே மூன்று எழுத்துக்கள் வருகின்றன. முன்னதைப் புகழ்பெற்ற ஓதுநர் அனைவரும் ‘மாலிக்’ என்றே ஓதுவர். பின்னதை அனைவரும் ‘மலிக்’ என்றே ஓதுவர். வெறும் ஊகமாயின் அவ்விடங்களிலும் கருத்து வேற்றுமை முளைத்திருக்க வேண்டுமே! ஆகவே ஓதல், ஆசிரியர் வாயிலிருந்து மாணவர் செவிக்கு வந்தது. எழுத்து அதற்குச் சாட்சி. இவ்வாதம் வலிமையுடையதென்றே எனக்குப் படுகிறது. ஆயினும் எல்லா இடங்களுக்கும் இது ஒன்றே விடையாகிவிடாது.

நபிமொழி ஒன்றையும் ஆதாரமாகக் காட்டுவர். ஹிஷாம் என்பவர் ஓர் அத்தியாயத்தைத் தாம் கற்றதற்கு மாறாக ஓதக் கேட்ட உமர், அவரைப் பிடித்திழுத்து நபிகள் நாயகத்தின் முன் நிறுத்தினார். நாயகம் இருவரையும் ஓதச் செய்து, இரண்டும் சரி என்றார். குர்ஆன் ஏழு ‘ஹர்ஃபு’களில் அருளப்பட்டது என்றும் கூறினார். ஹர்ஃபு என்பது யாது என்பதில் ஏறத்தாழ நாற்பது கருத்துக்கள் உண்டு! அந்த ஏழும், பாக்தாதில் இப்னு முஜாஹித் (மறைவு 936) தேர்ந்த ஓதுநர் எழுவரும் ஒன்றல்ல. பலர் இங்கே மயங்குவர்.

அப்படியானால் எதையும் ஓதலாமா? மூன்று நிபந்தனைகள் உண்டு: உஸ்மானின் எழுத்துக்கு இசைய வேண்டும், அரபு இலக்கணத்துக்கு ஒவ்வ வேண்டும், நம்பத்தக்க ஆசிரிய பரம்பரை வேண்டும். இப்னு முஜாஹிதின் காலத்தவரான இப்னு ஷன்னபூத், உஸ்மானின் எழுத்துக்கு ஒவ்வாத பாடங்களைத் தொழுகையில் ஓதினார். 935-இல் அவரைக் கசையால் அடித்துக் கொள்கையைக் கைவிடச் செய்தனர். இப்னு மிக்ஸமோ எழுத்தும் இலக்கணமும் பொருந்தினால் பரம்பரை வேண்டியதில்லை என்றார். அவரும் விசாரிக்கப்பட்டுப் பின்வாங்க நேர்ந்தது. கருத்துக்குக் கசையடி கொடுத்ததை நான் பாராட்டமாட்டேன். ஆனால் செவிவழி, எழுத்து ஆகிய இரு காவல்களில் ஒன்றையும் நெகிழவிட அவர்கள் இசையவில்லை என்பதை இவ்விரு வழக்குகளும் காட்டும்.

ஓர் உயிரொலி வழிபாட்டையே தொடுவதும் உண்டு. ஐந்தாம் அத்தியாயம் ஆறாம் வசனம் தொழுகைக்கு முன் செய்யும் தூய்மையைக் கூறுகிறது. பாதங்களைக் குறிக்கும் சொல்லை ‘அர்ஜுலகும்’ என்று ஓதினால் ‘கழுவுங்கள்’ என்பதோடு சேரும். ‘அர்ஜுலிகும்’ என்றால் ‘தடவுங்கள்’ என்பதோடு சேரும். ஷீஆக்கள் ஈரக்கையால் தடவுவர், சுன்னிகள் கழுவுவர். இரண்டாம் பாடத்தைச் சுன்னி அறிஞர் தள்ளவில்லை. தோலுறை அணிந்த பாதத்தின்மேல் தடவுவதை அது குறிக்கும் என்று சிலர் இடம் கண்டனர். அண்டைச் சொல்லின் ஓசையைத் தழுவி வந்தது என்று சிலர் இலக்கணம் கூறினர்.

எங்கள் வீரகேரளம்புதூருக்கு அயலிலுள்ள தென்காசி, கடையநல்லூர்ப் பள்ளிவாசல்களில் கேட்பது, கூஃபா நகரத்து ஆஸிமிடம் ஹஃப்ஸ் கற்ற ஓதல்; அங்கே ‘மாலிக்’ என்றே கேட்பீர்கள். மொராக்கோவிலோ மதீனா நகரத்து நாஃபிஉவிடம் வர்ஷ் கற்ற முறை வழங்குகிறது. அங்கே அது ‘மலிக்’.