மார்பில் வளர்ந்த கொரில்லா

மைசூர் மிருகக்காட்சி சாலையைப் பார்க்காத பெங்களூர்த் தமிழர் குறைவு. ஊரிலிருந்து உறவினர் வந்தால் அரண்மனை, சாமுண்டி மலை, அடுத்தது அதுதான். அங்கே போலோ என்ற கொரில்லா இருந்தது பலருக்கு நினைவிருக்கும். 1995-ல் அயர்லாந்திலுள்ள டப்ளினிலிருந்து வந்த அது, இந்தியாவின் ஒரே கொரில்லா என்ற பெயருடன், துணை இல்லாமலே 2014-ல் இறந்தது. பிறகு 2021 ஆகஸ்டு மாதம் ஜெர்மனியிலிருந்து இரண்டு ஆண் கொரில்லாக்கள் வந்து சேர்ந்தன.

அதற்கு அடுத்த மாதம் ஆப்பிரிக்காவில், காங்கோ நாட்டில், வேறொரு கொரில்லா தன்னை வளர்த்தவரின் கைகளில் கிடந்தபடி உயிரை விட்டது. அதை வளர்த்த அந்த மனிதரின் கதை இது.

அவர் பெயர் ஆந்த்ரே பௌமா. விருங்கா தேசியப் பூங்காவின் வனக்காவலர். 1925-ல் ஏற்பட்ட அந்தப் பூங்கா ஆப்பிரிக்காவிலேயே மிகப் பழமையானது. மைசூரில் நாம் காண்பது சமவெளிக் கொரில்லா. விருங்காவின் எரிமலைச் சரிவுகளில் திரிவது மலைக் கொரில்லா. மலைக்குளிரைத் தாங்க அதற்கு ரோமம் நீண்டு அடர்ந்திருக்கும். இந்த வகை உலகில் எந்த மிருகக்காட்சி சாலையிலும் கிடையாது.

முதல் இரவு

2007-ல் ஒருநாள் காவலர்கள் காட்டில் ரோந்து போனபோது, சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு பெண் கொரில்லாவைக் கண்டார்கள். தாய் செத்துச் சில மணி நேரமாகிவிட்டது. இரண்டு மாதக் குட்டி மட்டும் அதன் உடலை விடாமல் கட்டிப் பிடித்துக் கொண்டிருந்தது. குட்டியைப் பிரித்தெடுத்து பௌமாவிடம் கொடுத்தார்கள்.

அவர் சட்டையைக் கழற்றிவிட்டு அதை வெற்று மார்போடு அணைத்துக் கொண்டார். விடியும்வரை அப்படியே இருந்தார். குறைமாதத்தில் பிறந்த பிள்ளையைத் தாயின் நெஞ்சோடு ஒட்ட வைத்திருக்கும்படி நமது ஆஸ்பத்திரிகளில் சொல்வார்கள் அல்லவா? அதே வைத்தியம்தான். குட்டி பிழைத்தது. அதற்கு நடகாசி என்று பெயர் வைத்தார்கள்.

கொலைக்குக் காரணம் அடுப்புக்கரி

அதே ஆண்டு ஜூலையில் இன்னொரு கொடுமை நடந்தது. சென்குவெக்குவே என்ற பெரிய ஆண் கொரில்லாவும், அதன் கூட்டத்துப் பெண் கொரில்லாக்கள் சிலவும் சுட்டுக் கொல்லப்பட்டன. ஊர்க்காரர்கள் கழிகளைச் சேர்த்துக் கட்டி, அந்தப் பெரிய உடலை அதன்மேல் கிடத்தித் தோளில் சுமந்து காட்டுக்கு வெளியே கொண்டு வந்தார்கள். பாடைதான் அது, வேறென்ன சொல்வது? அந்தப் படம் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது.

கொன்றவர்கள் மாமிசத்தைத் தொடவில்லை. குட்டிகளைப் பிடித்துப் போய் விற்கவும் இல்லை. பிறகு எதற்காகக் கொன்றார்கள்? விசாரித்தபோது விஷயம் கரியில் போய் முடிந்தது. கோமா என்பது அங்குள்ள பெரிய நகரம். அங்கே சமையல் பெரும்பாலும் அடுப்புக்கரியில்தான். பூங்கா மரங்களைத் திருட்டுத்தனமாக வெட்டிக் கரி சுட்டு விற்பது கொள்ளை லாபத் தொழில். அதைக் காவலர்கள் தடுத்தார்கள். கொரில்லாவே இல்லை என்றால் காட்டை யார் காக்கப் போகிறார்கள் என்பது கரிக் கூட்டத்தின் கணக்கு. வேலியே பயிரை மேய்ந்தது என்றும் சந்தேகம் எழுந்தது. வனத்துறையின் மேலதிகாரி ஒருவரே இது தொடர்பாக 2008-ல் கைதானார்.

இறந்த சென்குவெக்குவேயின் மகள் நடேசே. அதுவும் கைக்குழந்தை. அதையும் வளர்க்கும் பொறுப்பு பௌமாவிடம் வந்தது. பிறகு ருமாங்காபோ என்ற இடத்தில் அனாதை மலைக் கொரில்லாக்களுக்கென்றே ஒரு காப்பகம் அமைத்து, அதற்கு சென்குவெக்குவேயின் பெயரையே வைத்தார்கள்.

ஒரே படுக்கை

இந்தக் குட்டிகளை மறுபடி காட்டில் விட முடியாது. எந்த இலையைத் தின்பது, யாரிடம் பணிந்து போவது என்பதையெல்லாம் தாயிடமும் கூட்டத்திடமும் இருந்துதான் கற்க வேண்டும். இவற்றுக்குக் கற்றுக் கொடுக்க யாரும் இல்லை.

எனவே பௌமா அவற்றோடு ஒரே படுக்கையில் படுத்தார். ஊட்டினார், விளையாடினார். நான்தான் இவற்றின் தாய் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் கொஞ்சுவதிலும் எச்சரிக்கை வேண்டும். நமக்கு இரண்டு நாளில் போகிற ஜலதோஷம் கொரில்லாவைக் கொன்றுவிடும். ஆகவே காப்பாளர்கள் முகமூடி போட்டுக் கொள்வதுண்டு.

2012-ல் அந்தப் பகுதிக்குச் சண்டை வந்தது. கலகப் படை ருமாங்காபோவை நெருங்கியது. காவலர்களின் குடும்பங்களை எல்லாம் வெளியேற்றினார்கள். பௌமா போகவில்லை. நான் பூமியில் ஏன் இருக்கிறேன் என்பதற்குக் கொரில்லாக்களே பதில், அவற்றுக்காகச் சாகவும் தயார் என்றார். கேட்பதற்குச் சினிமா வசனம் போலிருக்கும். ஆனால் குண்டுச் சத்தம் கேட்கும் தூரத்தில் நின்று பேசியவர் அவர். கண்ணியில் சிக்கிக் கையை இழந்த கபோக்கோ என்ற கொரில்லா அந்தச் சண்டைக் காலத்தில்தான் நோயுற்று இறந்தது.

விருங்காவில் இதுவரை 200-க்கும் மேற்பட்ட காவலர்கள் கடமையில் உயிரிழந்திருக்கிறார்கள். 2020 ஏப்ரல் 24-ல் மட்டும் 12 பேர். ஒவ்வொருவர் வீட்டிலும் மனைவி மக்கள் உண்டு. கொரில்லாவுக்குக் கிடைக்கும் விளம்பரம் அவர்களுக்குக் கிடைப்பதில்லை.

பலன் இல்லாமல் போகவில்லை. 2007-ல் சுமார் 720 ஆக இருந்த மலைக் கொரில்லாக்கள், 2021-ல் 1,063 என்று கணக்காகியது.

கடைசி மாலை

2019-ல் ஒரு காவலர் தன்னைத் தானே படம் எடுத்தபோது, நடகாசியும் நடேசேயும் மனிதர்களைப் போல நிமிர்ந்து பின்னால் நின்றன. படம் உலகம் சுற்றியது. செல்போனில் நம்மில் பலரும் பார்த்துச் சிரித்த படம்தான்.

அதன் பிறகு நடகாசி நோயில் விழுந்தது. நாளாக நாளாக மெலிந்தது. 2021 செப்டம்பர் 26 மாலை, பௌமா தரையில் உட்கார்ந்து அதைத் தன்மேல் சாய்த்துக் கொண்டார். 14 ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு முழுவதும் கிடந்த அதே மார்பில் தலையை வைத்தபடி அது அடங்கியது.

பெற்ற குழந்தையைப் போல அதை நேசித்தேன், அதன் குறும்பைக் காணும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும் என்றார் பௌமா.