யாரும் அவுட் ஆகாத ஆட்டம்

"உங்க தோட்டத்துல அஞ்சாங்கல் எப்படி ஆடுவீங்க?"

வகுப்புக்குப் புதிதாக வந்த பிள்ளையிடம் ஆசிரியர் கேட்கும் முதல் கேள்வி இதுவாக இருந்தால் நல்லது. ஏன் இடம் மாறி வந்தாய், அப்பாவுக்கு என்ன வேலை என்பதையெல்லாம் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

யார் இந்தப் பிள்ளைகள்?

மலேசியாவின் கோல சிலாங்கூரிலும் வட சிலாங்கூரிலும் ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். பிறகு பல தோட்டங்கள் கைமாறின; தொழிலாளர் குடியிருப்புகளான லயன்கள் காலியாயின. பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் மக்கள் சொந்த வீடு கேட்டுப் பல ஆண்டுகள் போராடினார்கள். அவர்களுக்கு 245 வீடுகள் கட்டும் திட்டம் 2024இல் உறுதியானது.

தோட்டம் கலைந்தால் பள்ளியும் ஆட்டம் காணும். 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 530தான் இருக்கின்றன. குடும்பத்தோடு வேறிடம் போகும் பிள்ளை நுழையும் வகுப்பில், யார் பக்கத்தில் யார் என்பது முதலாம் ஆண்டிலேயே முடிவாகியிருக்கும். 2021 டிசம்பர் வெள்ளம் போன்ற பேரிடரில் வீடிழந்து வரும் பிள்ளைக்கும் இதே நிலைதான்.

விளையாட்டால் என்ன ஆகும்?

1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் கறுப்பின, வெள்ளையின, மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகள் முதன்முறையாக ஒரே வகுப்பில் அமர்ந்தபோது சண்டை மூண்டது. உளவியலாளர் எலியட் ஆரன்சன் பாடத்தைத் துண்டுகளாக்கி, குழுவில் ஆளுக்கொன்று கொடுத்தார். ஒருவர் வாய் திறக்காவிட்டால் மற்றவர்களுக்குப் பாடம் முழுமையாகாது. ஒதுக்கப்பட்டவனின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டிய கட்டாயம் வந்தது. இலங்கையின் மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, போரில் அடிபட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகளை ஓவியத்தாலும் கதையாலும் விளையாட்டாலும் ஒன்றுசேர்த்தது.

இரண்டிலும் கற்க வேண்டியது ஒன்றே: புதுப் பிள்ளை இல்லாமல் ஆட்டம் நகராதபடி விதியை அமைக்க வேண்டும்.

நம் வகுப்பில் எப்படி?

நாற்காலி ஆட்டம்: பாட்டு நிற்கும்போது நாற்காலியை மட்டும் எடுங்கள், பிள்ளையை எடுக்காதீர்கள். கடைசியில் ஐந்து பேர் இரண்டு நாற்காலியில் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சமாளிக்க வேண்டும். வழக்கமான ஆட்டத்தில் கூச்சப்படும் பிள்ளைதான் முதலில் வெளியே நிற்கும்.

ஐந்து சீட்டு: கோல சிலாங்கூரின் கம்போங் குவாந்தான் மின்மினியைப் பற்றி ஐந்து தகவல்கள், ஆளுக்கொரு சீட்டு. எந்த ஆறு, எந்த மரம், எப்போது ஒளிரும், ஏன் ஒளிரும், எதனால் குறைகிறது? ஐந்தையும் கேட்டால்தான் படம் வரைய முடியும்.

மின்மினி வட்டம்: கண்ணை மூடி வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொருவரும் தன் போக்கில் கைதட்ட வேண்டும். யாரும் எண்ணிக்கை சொல்லக்கூடாது. தாறுமாறாகத் தொடங்கும் சத்தம் பக்கத்துத் தட்டலைக் கேட்கக் கேட்க மெல்ல ஒரே தாளத்துக்கு வரும். ஆற்றோர பெரெம்பாங் மரத்து மின்மினிகளும் தலைவன் இல்லாமல்தான் ஒன்றாக மின்னுகின்றன.

அஞ்சாங்கல்: ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு விதி. ஒரு லயனில் கூழாங்கல், இன்னொன்றில் ரப்பர் விதை. புதியவனின் விதியில் ஒரு வாரம் வகுப்பே ஆடட்டும். அந்த ஒரு வாரம் அவன்தான் வாத்தியார்.

எதைத் தவிர்க்க வேண்டும்?

இரண்டு தலைவர்களை நிறுத்தி ஆள் பொறுக்கச் சொல்லாதீர்கள். கடைசியாக மிஞ்சுவது யார் என்று எல்லாருக்கும் தெரியும். சீட்டுக் குலுக்கிக் குழு பிரிக்கலாம். இழந்த வீட்டைப் பற்றிப் பேசச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். ஆட விரும்பாத பிள்ளைக்குத் தாளம் தட்டும் வேலையோ நேரம் பார்க்கும் வேலையோ கொடுங்கள். வேடிக்கை பார்ப்பவராக விட்டுவிடாதீர்கள்.

வாரத்துக்கு ஒரு பதினைந்து நிமிடம் போதும். இதற்குத் தனி நிதியோ சுற்றறிக்கையோ தேவையில்லை. ஐந்து கற்கள் பள்ளித் திடலிலேயே கிடக்கின்றன. ஆசிரியர்கள் எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.